இண்டக்சன் அடுப்பும் பொருந்தாத பாத்திரங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுவுக்கு ஏற்பட்ட தட்டுப்பாடு, நாட்டின் ஏனைய இடங்களைப் போலவே திருகோணமலையிலும் பல குசினிகளுக்குள் இண்டக்சன் அடுப்பைக் கொண்டுவந்து சேர்த்தது. அவசரத்துக்கு வாங்கிய அந்த அடுப்புகளில் சில இன்று அலுமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கின்றன. "சூடே ஏறுதில்லை", "கரண்டைக் குடிக்குது" என்று அவற்றின் மீது சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை அடுப்பின் குறைகள் அல்ல. அதன்மேல் வைக்கப்படும் பாத்திரத்தினதும் அது பொருத்தப்படும் பிளக்கினதும் குறைகளே.

கண்ணாடித் தட்டின் கீழே செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் செக்கனுக்கு இருபதாயிரம் தடவைக்கும் மேலாகத் திசை மாறும் மின்னோட்டம் பாயும்போது உண்டாகும் காந்தப்புலம், பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தைத் தூண்டி அந்த அடியைச் சூடாக்குகிறது. ஆகவே இங்கு நெருப்பின் வேலையைச் செய்வது பாத்திரம்தான். நம் வீடுகளில் சோறு வடிக்கும் அலுமினியப் பானை, செம்பு, பித்தளை, கண்ணாடி, மண் ஆகியவற்றை இந்த அடுப்பு பாத்திரமாகவே கணக்கில் எடுக்காது. சில தடவை ஒலி எழுப்பிவிட்டு நின்றுவிடும். இரும்பும் எனாமல் பூசிய இரும்பும் நன்றாக வேலை செய்யும். குழப்பம் வருவது சில்வர் பாத்திரங்களில்தான். துருப்பிடிக்காத உருக்கில் 304 என்ற வகை காந்தத்தில் ஒட்டாது, 430 என்ற வகை ஒட்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். அதனால் கடைவீதிக்குப் போகும்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வது, கடைக்காரரின் உறுதிமொழியைவிட நம்பகமானது. காந்தத்தைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் அல்ல, அடியின் நடுவிலும் ஓரத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். இழுத்தால் விடாதபடி பற்றிக்கொண்டால் வாங்கலாம். வழுக்கி விழுமாயின் வைத்துவிட்டு வரலாம்.

காந்தம் ஒட்டினால் மட்டும் போதாது, அடி தட்டையாகவும் இருக்க வேண்டும். உருண்டை அடியுள்ள தாச்சியும் அப்பச்சட்டியும் கண்ணாடியைத் தொடும் இடம் ஒரு ரூபாய்க் குற்றியளவுதான். அடி சுமார் 12 சென்ரிமீற்றருக்குக் குறைந்த சிறு பாத்திரங்களையும் பல அடுப்புகள் உணர்வதில்லை. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் தண்ணீர் கொதிக்க வைக்கும் பானையை மட்டும் காந்தம் பிடிக்கும் தட்டை அடியுள்ளதாக மாற்றிக்கொண்டால், அதன்மேல் வரும் நீத்துப்பெட்டியையும் இடியப்பத் தட்டையும் மாற்ற வேண்டியதில்லை.

மண்சட்டியை விட மனமில்லாதவர்கள், கண்ணாடிக்கும் சட்டிக்கும் நடுவே வைப்பதற்கென விற்கப்படும் இரும்புத் தட்டை வாங்குகிறார்கள். இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தட்டு விரைவாகச் சிவக்கக் காய்கிறது; மண்ணோ வெப்பத்தை மெதுவாகத்தான் உள்வாங்கும். போக வழியற்ற சூடு கண்ணாடிக்குத் திரும்புவதால், அடியிலுள்ள வெப்பமானி அடுப்பைத் திரும்பத் திரும்ப நிறுத்துகிறது. கண்ணாடி வெடிக்கும் ஆபத்தும் உண்டு. பழப்புளி விட்ட அறக்குளாக் குழம்பு மண்சட்டியில்தான் ருசிக்கும் என்றால், அதை விறகடுப்பிலோ காஸ் அடுப்பிலோ வைப்பதே முறை.

தேங்காய்ப்பால் இன்னொரு சிக்கல். ஒற்றைத் தட்டு அடுப்புகள் பலவற்றில் 300 அல்லது 400 வாட் என்று காட்டும் நிலை, தொடர்ந்து எரியும் சிறு தணல் அன்று. அடுப்பு சில செக்கன்கள் ஆயிரம் வாட் அளவில் வேகமாகச் சூடாக்கிவிட்டு, சில செக்கன்கள் முற்றாக நின்று, சராசரியில்தான் அந்த எண்ணிக்கையை எட்டுகிறது. மெல்லிய அடியுள்ள சட்டியில் சொதி வைத்தால் இதைக் கண்ணாலேயே காணலாம்: நடுவில் குபுகுபுவென்று பொங்கும், அடங்கும், மறுபடி பொங்கும், இந்த இழுபறியில் முதற்பால் திரிந்துவிடும். தடித்த அடியுள்ள பாத்திரம் வெப்பத்தைத் தேக்கி வைத்துச் சமமாகப் பரப்புவதால் இந்த ஏற்ற இறக்கம் கறிக்குத் தெரிவதில்லை. அது கிடைக்காதபோது, முதற்பாலை விடுமுன் அடுப்பை நிறுத்திவிட்டு, சட்டியின் சூட்டிலேயே பாலைக் கலக்கி இறக்கலாம்.

வெறும் பாத்திரத்தை உச்ச நிலையில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போவதும் ஆகாது. மெல்லிய அடி ஒரு நிமிடத்துக்குள்ளேயே வளைந்துவிடலாம். ஒட்டாத பூச்சுள்ள சட்டியாயின், 260 பாகை செல்சியசைத் தாண்டும்போது பூச்சுச் சிதையத் தொடங்கும்.

ஆனால் உண்மையில் அஞ்ச வேண்டியது மின்னிணைப்பைத்தான். 2000 வாட் அடுப்பு நமது 230 வோல்ட் மின்சாரத்தில் ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் மின்விசிறிக்கும் வானொலிக்கும் போட்ட 5 அம்பியர் உருண்டைக்கால் பிளக் இதைத் தாங்காது. மல்டி பிளக் ஒன்றில் இதையும் இதேயளவு வாட் உள்ள மின்கேத்தலையும் சேர்த்துச் செருகினால் ஏறக்குறைய 17 அம்பியர் ஆகிறது. 13 அம்பியர் சதுரக்கால் பிளக்கும்கூட அதற்கு உரியதன்று. சமைத்து முடித்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடோ, பழுப்பு நிறமோ, கருகிய மணமோ இருந்தால், தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு தனி வயர் இழுப்பிக்கும்வரை அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது.

உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அடுப்பின் உள்விசிறி வெளிக்காற்றை இழுத்தே மின்சுற்றைக் குளிர்விக்கிறது. கடல் பார்த்த யன்னலோரத்தில் வைத்தால், வாடைக் காலத்தின் உப்பு ஈரம் முழுவதும் உள்ளே போகும். சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளி, உலர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. சமையல் முடிந்த கையோடு சுவர் ஆளியை நிறுத்துவதும் பிழை. விசிறி ஓய்ந்த பிறகே நிறுத்த வேண்டும். இல்லையேல் உள்ளே தேங்கிய சூடு உதிரிப்பாகங்களின் ஆயுளைக் குறைக்கும். இந்த அடுப்புக்கு அருமையாகப் பொருந்தும் இரும்புத் தோசைக்கல்லைக் கழுவிய பின், குறைந்த சூட்டில் உலர்த்தி நல்லெண்ணெய் தடவி வைக்காவிட்டால், கடலோர வீட்டில் மறுநாளே துரு பூத்துவிடும்.

மின்கட்டணத்தைப் பொறுத்தவரை, 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் ஓர் அலகு செலவாகும். பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறும் கட்டண முறை நம்முடையது என்பதால், மாதாந்தப் பட்டியலில் அடுத்த படியின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இந்த அடுப்பு சற்றுக் கனமாகவே தெரியும். அத்தகைய வீட்டில் காலைத் தேநீருக்கும் பால் காய்ச்சவும் மட்டும் இதை வைத்துக்கொண்டு, நெடுநேரம் வேகும் சமையலைக் காஸில் விடுவது புத்திசாலித்தனம்.

இதய மின்தூண்டி (பேஸ்மேக்கர்) பொருத்தப்பட்டவர் வீட்டில் இருந்தால், அவர் இயங்கும் அடுப்பிலிருந்து இரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். சமையல் அவர் பொறுப்பாயின் முதலில் தமது இதயநோய் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.