ஓபியாய்டு போதைக்குப் புறநோயாளி சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளம் மருத்துவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு நோயாளியின் பதிவேட்டை என் மேசையில் விரித்து வைத்தார். ஓபியாய்டு ஏக்கத்தை அடக்கக் கொடுக்கும் புப்ரினார்ஃபின் மருந்தை 16 மில்லிகிராமில் தொடங்கி 12, 8, 4 என்று ஏழே வாரங்களில் 2 மில்லிகிராமுக்கு இறக்கியிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு. அப்படியொரு இறங்குபடியை, அதே நிறைவோடு, பல ஆண்டுகளுக்கு முன் நானும் என் மூத்த மருத்துவரிடம் நீட்டியிருக்கிறேன். நான் அப்படி இறக்கிய நோயாளி இன்று உயிரோடு இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில், வலி மாத்திரை என்று எந்த வடிவில் ஓபியாய்டு ஒருவரைப் பிடித்திருந்தாலும், அவரைப் படுக்கையில் சேர்க்காமல், வந்துபோகும் நோயாளியாகவே வைத்து மருந்தால் தேற்ற முடியும். அதற்கான மருந்துகளான மெதடோனும் புப்ரினார்ஃபினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. சீட்டில் எண்ணை மாற்றி எழுதுவது, ஒவ்வாமையைக் கேட்க மறப்பது போன்ற பிழைகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றை யாராவது சுட்டிக்காட்டிவிடுவார்கள். சரியென்று நம்பி, நல்ல மனதோடு செய்யும் தவறுகளை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை.

முதல் மாத்திரையில் அவசரம்

புப்ரினார்ஃபின் மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளை, அதாவது ஓபியாய்டு வந்து ஒட்டி வேலை செய்யும் இடங்களை, இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனால் அவற்றைப் பாதிதான் தூண்டும். பாதித் தூண்டல் என்பதால்தான் ஓர் எல்லைக்கு மேல் அது மூச்சை மந்தப்படுத்துவதில்லை. இறுகப் பற்றுவதால்தான் அதன்மேல் ஹெராயின் ஏற்றினாலும் போதை பெரிதாக ஏறுவதில்லை. இதே இரண்டு குணங்களும் முதல் நாளில் நமக்கு எதிராகத் திரும்பும். ஹெராயின் இன்னும் ஏற்பிகளில் இருக்கும்போது மாத்திரையைக் கொடுத்தால், அது ஹெராயினை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உடல் ஒரே கணத்தில் பாதாளத்தில் விழும். போதைப்பொருள் நீங்கும்போது மெல்ல மெல்ல வளர வேண்டிய விலகல் அறிகுறிகள், அதாவது வாந்தி, வயிற்றுப்போக்கு, வியர்வை, எலும்பு நோவு எல்லாம் ஒரே அலையாக வந்து மோதும்.

"கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?" என்று ஓர் இளைஞரிடம் கேட்டேன். "நேற்று இரவு" என்றார். நம்பினேன். உண்மையில் அன்று காலை, கிளினிக்குக்குக் கிளம்பும் பயத்திலேயே கொஞ்சம் எடுத்திருக்கிறார். மாத்திரை கரைந்து நாற்பது நிமிடத்தில், வெளியே இருந்த பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். மறுவாரம் அவர் வரவில்லை. அவரைப் பார்த்து வருவதாகச் சொல்லியிருந்த நண்பர்கள் இருவரும் வரவில்லை. அது விஷம் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். அவர் என்னை ஏமாற்ற நினைத்துப் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் மருந்து கிடைக்காதோ என்று அஞ்சும்படி நான்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தேன்.

கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள், உடலைப் பாருங்கள். கண்மணி விரிந்திருக்கிறதா, கொட்டாவி வருகிறதா, மூக்கு ஒழுகுகிறதா, தோல் சிலிர்த்திருக்கிறதா? 'கவ்ஸ்' (COWS) அளவுகோல் இப்படிப் பதினொரு விலகல் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறது; கூட்டுத்தொகை 12-ஐத் தொடும்வரை நான் காத்திருப்பேன். ஹெராயின் போலக் குறுகிய நேரம் வேலை செய்யும் ஓபியாய்டுக்குப் பிறகு வழக்கமாக 12 முதல் 24 மணி நேரம், மெதடோனுக்குப் பிறகு 24 முதல் 72 மணி நேரம். நெடுநாள் ஃபென்டனில் எடுத்தவரின் கொழுப்பில் அது தங்கி மெல்லக் கசியும் என்பதால் இந்தக் கணக்கு இன்னும் ஏமாற்றும். அத்தனைக்குப் பிறகும் இப்படி நேர்ந்துவிட்டால், பயந்து மருந்தை நிறுத்தக் கூடாது. மேலும் புப்ரினார்ஃபின் கொடுப்பதே பெரும்பாலும் அந்த அலையை அடக்கும்.

நாக்கின் அடியில் வைக்கக் கற்றுத் தராதது

விழுங்கினால் மருந்தில் பெரும்பகுதி வீண். ஐந்து முதல் பத்து நிமிடம் நாக்கின் அடியில் கரைய விட வேண்டும், அதுவரை பேசக் கூடாது. கரைந்ததும் தண்ணீரால் கொப்பளித்து விழுங்கச் சொல்லுங்கள். பல் துலக்க ஒரு மணி நேரம் போகட்டும். இல்லாவிட்டால் பற்கள் கெடும். "மருந்து வேலை செய்யவில்லை" என்று வருபவரிடம் அளவைக் கூட்டுவதற்கு முன், என் கண் முன்னே ஒரு மாத்திரையை வைத்துக் காட்டச் சொல்வேன். பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மெதடோனின் மூன்றாம் நாள்

முதல் வேளை 30 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நெடுநாளாக நிலைத்த வழக்கம். அதை மீறுபவர்கள் குறைவு. மூன்றாம் நாளை மறப்பவர்கள்தான் அதிகம். மெதடோன் மெதுவாக வெளியேறும் மருந்து. நேற்றைய வேளை முழுதாக நீங்கும் முன் இன்றைய வேளை அதன்மேல் ஏறுகிறது. அளவைக் கூட்டாமலேயே ரத்தத்தில் மருந்து நாளுக்கு நாள் உயரும். முதல் நாள் தாங்கிய அதே அளவு நான்காம் நாள் உறக்கத்தில் மூச்சை அடக்கிவிடக்கூடும். "போதவில்லை, டாக்டர்" என்று நோயாளி சொல்வது உண்மையாகவே இருக்கும். அடுத்த வேளைக்கு முன் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காமல், குடித்த மூன்று நான்கு மணி நேரத்தில் எப்படி இருந்தது என்றும் கேளுங்கள். அப்போது தூங்கி வழிந்தார் என்றால் அளவை ஏற்றக் கூடாது. இதயத் துடிப்பின் ஒழுங்கை மாற்றும் வேறு மருந்துகள் எடுப்பவருக்கு இ.சி.ஜி. பார்க்காமல் ஏற்றவே கூடாது.

சீக்கிரம் நிறுத்துவது

என்னால் இன்றும் அமைதியாகப் பேச முடியாத தவறு இது.

அவர் வெல்டர். வயது முப்பதுக்குள். சிகிச்சைக்கு வந்த நான்காம் மாதத்தில் வேலைக்குத் திரும்பியிருந்தார், கடனில் பாதியை அடைத்திருந்தார், உடம்பில் சதை பிடித்திருந்தது. அவருடைய தாய் ஒவ்வொரு முறையும் கூடவே வருவார். ஒருநாள் கேட்டார்: "டாக்டர், இன்னும் எத்தனை நாளைக்கு இந்த மாத்திரை?" நியாயமான கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. மகனும், "முழுதாகச் சுத்தமாகிவிட வேண்டும்" என்றார். ஆறு வாரத்தில் இறக்கினேன். கடைசி மாத்திரையன்று அந்தத் தாய் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். பதிவேட்டில் 'சிகிச்சை வெற்றிகரமாக நிறைவு' என்று எழுதி மூடினேன்.

பத்தொன்பதாம் நாள் அவர் தன் அறையில் இறந்து கிடந்தார். பழைய நாட்களில் ஒரு வேளைக்கு எடுத்த அளவைவிட அன்று அவர் எடுத்தது அதிகமில்லை. ஆனால் அந்த அளவைத் தாங்கிய உடல் அப்போது இல்லை. தாங்குதிறன் சில வாரங்களிலேயே குறைந்துவிடுகிறது, ஏக்கம் அப்படிக் குறைவதில்லை. நாம் மருந்தை இறக்கும்போது பாதுகாப்பை மட்டும் கழற்றிக்கொண்டு ஆபத்தை அப்படியே விட்டுவிடுகிறோம்.

அவர் போன பிறகுதான் ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வைப் படித்தேன். 2003-ல் லான்செட் இதழில் வந்தது. ஹெராயினுக்கு அடிமையான 40 பேர். இருபது பேருக்கு ஓராண்டு முழுக்க நாளுக்கு 16 மில்லிகிராம் புப்ரினார்ஃபின். மற்ற இருபது பேருக்கு ஆறே நாட்களில் இறக்கிவிட்டு, பிறகு வெற்று மாத்திரை. ஆலோசனையும் உளச் சிகிச்சையும் இரு தரப்பினருக்கும் ஒன்றுதான். ஓராண்டு முடிவில் முதல் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாம் குழுவில் ஒருவரும் இல்லை. அந்த இரண்டாம் குழுவில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். நான் அந்த வெல்டருக்குச் சீட்டு எழுதியபோது இது ஏற்கெனவே அச்சில் இருந்தது. படிக்காதது என் குற்றம்.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட கணக்கு இது: மெதடோன் சிகிச்சையில் இருக்கும்போது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ 11 பேர் இறக்கிறார்கள், சிகிச்சையை விட்டு வெளியே இருக்கும்போது 36 பேர். இதய நோய்க்கான ஒரு மாத்திரை இப்படியொரு வித்தியாசத்தைக் காட்டினால், அதை எப்போது நிறுத்துவது என்று யாரும் முதல் மாதத்திலேயே கேட்க மாட்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது, இறக்குவதைப் பாராட்டும் பழக்கத்தைப் பார்த்துத்தான். 2 மில்லிகிராமில் இருப்பவர் 'நல்ல நோயாளி', 24-ல் இருப்பவர் 'கஷ்டமான நோயாளி' என்று பேசுகிறோம். "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று உறவினர்கள் கேட்கும்போது, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத் தலையாட்டுகிறோம். அதில் நியாயம் இல்லை. கட்டுப்பாட்டை இழந்து, குடும்பமும் வேலையும் சிதைவதைப் பார்த்துக்கொண்டே அதன் பின்னால் ஓடுவதுதான் அடிமைத்தனம். சரியான அளவில் மருந்து எடுப்பவர் மயக்கத்தில் இல்லை, வேலை செய்கிறார், சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அவர் உடல் மருந்தைச் சார்ந்திருக்கிறது, உண்மைதான். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினாலும் அழுத்தம் எகிறுகிறது. அதை யாரும் போதை என்பதில்லை. 1964-ல் நியூயார்க்கில் வின்சென்ட் டோலும் மேரி நிஸ்வாண்டரும் முதன்முதலில் நிலையான அளவில் மெதடோன் கொடுத்தபோது அவர்களை வியக்க வைத்தது இந்த மாற்றம்தான். அடுத்த வேளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள் படிப்பைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேசத் தொடங்கினார்கள்.

இப்போது முதல் சந்திப்பிலேயே, "இதற்குக் கெடு கிடையாது" என்று சொல்லிவிடுகிறேன். தாயோ மனைவியோ கூட வந்திருந்தால் அவர்கள் காதிலும் விழும்படி சொல்கிறேன். பிறகு நோயாளி நிறுத்த வேண்டும் என்று கேட்டால், எதனால் அந்த எண்ணம் வந்தது என்று விசாரிப்பேன். அடிக்கடி வந்துபோக முடியவில்லை என்பார் ஒருவர். அதிக நாட்களுக்கு மருந்து கொடுத்தனுப்பலாம், மாதம் ஒருமுறை போடும் ஊசி கிடைத்தால் அதற்கு மாற்றலாம். மலச்சிக்கல் தாங்கவில்லை என்பார் இன்னொருவர். அதற்கு மருந்து இருக்கிறது. மாமனார் வீட்டில் மாத்திரையைப் பார்த்துவிட்டார்கள் என்பார் மற்றொருவர். அவர்களை அழைத்து வரச் சொல்வேன். இவை எதுவும் மருந்தை நிறுத்துவதற்கான காரணம் அல்ல.

நெடுநாள் நிலைத்து, வேலையும் வீடும் உறவும் ஊன்றிய பிறகு, தானாகவே விரும்பிக் கேட்பவருக்கு இறக்குவேன். மாதக்கணக்கில், அவர் சொல்லும் வேகத்தில், எந்தப் படியிலும் நின்றுகொள்ளவும் மேலே ஏறிக்கொள்ளவும் உரிமையோடு.

அந்த இளம் மருத்துவரின் நோயாளியை அன்றே தொலைபேசியில் அழைத்தோம். பத்து நாளாகத் தூக்கம் இல்லை என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "டாக்டர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், அதைக் கெடுக்க மனம் வரவில்லை" என்றார். மாலைக்குள் அளவை 8-க்கு ஏற்றினோம். இப்போது 16-ல் இருக்கிறார், தூங்குகிறார்.

சிறுநீர்ச் சோதனையைத் தண்டனையாக்குவது

ஹெராயின் எடுத்தது தெரிந்ததும் சிகிச்சையிலிருந்து நீக்குவது, காய்ச்சல் வந்ததற்காகக் காய்ச்சல்காரரை விரட்டுவதுபோல. சோதனை எதிர்பாராத முடிவைக் காட்டினால், அளவு போதுமா என்பதுதான் முதல் கேள்வி. சோதனையையே சரியாகப் படிக்காதவர்களும் உண்டு. வழக்கமான ஓபியேட் பட்டை மார்ஃபின் வகையை மட்டுமே தேடும். புப்ரினார்ஃபின், மெதடோன், ஃபென்டனில் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சோதனை வேண்டும். பட்டையில் ஒன்றும் காட்டவில்லை என்பதால் "மாத்திரையை விற்றுவிட்டாயா?" என்று ஒருவரைக் கேட்டு, அவரை அழ வைத்த மருத்துவரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டையால் புப்ரினார்ஃபினைக் காட்டவே முடியாது.

ஆலோசனைக்கு வராததற்காக மருந்தை நிறுத்துவது

கூடாது.

கர்ப்பம் தெரிந்ததும் நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். பிறந்த குழந்தைக்கு வரக்கூடிய விலகல் அறிகுறிகளுக்குச் சிகிச்சை இருக்கிறது.

'ஓபியாய்டே வேண்டாம்' என்று நால்ட்ரெக்சோனுக்குத் தாவுவது

நால்ட்ரெக்சோன் ஓபியாய்டு அல்ல, ஓபியாய்டு வேலை செய்யாமல் தடுக்கும் மருந்து. சிலருக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் தொடங்குவதற்கு முன் ஏழு முதல் பத்து நாட்கள் எந்த ஓபியாய்டும் உடலில் இருக்கக் கூடாது. பலர் அந்த நாட்களைக் கடப்பதே இல்லை. மாத ஊசியைத் தவறவிட்டவரின் தாங்குதிறன் ஏறக்குறைய பூஜ்யம். குடும்பத்தின் விருப்பத்துக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தூக்க மாத்திரையும் மதுவும்

இரண்டும் ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும். புப்ரினார்ஃபினின் எல்லையும் அப்போது காப்பாற்றாது. அதற்காக மருந்தை மறுத்துவிடாதீர்கள். மறுத்தால் அவர் தூக்க மாத்திரையோடு ஹெராயினைச் சேர்ப்பார்.

நலாக்சோன் இல்லாமல் அனுப்புவது

அளவு மிஞ்சி மூச்சு நின்றவரை மீட்கும் மருந்து வீட்டில் இருக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது; ஆகவே பயன்படுத்தும் முறையைக் கூட இருப்பவருக்குக் கற்றுக் கொடுங்கள்.

மெதடோனைப் பூட்டி வைக்கச் சொல்லாதது

பெரியவருக்கு ஒரு வேளை மருந்து, சிறு குழந்தைக்கு மரணம். பூட்டும் பெட்டி இல்லாதவரிடம் வீட்டுக்கு மெதடோன் கொடுத்தனுப்பாதீர்கள்.

நாள் தவறியவரைப் பழைய அளவில் தொடங்குவது

மெதடோனை மூன்று நாட்களுக்கு மேல் தவறவிட்டவர் திரும்பி வந்தால், பழைய அளவை அப்படியே ஊற்றிக் கொடுக்கக் கூடாது. குறைத்துத் தொடங்கி மீண்டும் ஏற்ற வேண்டும். அதைவிட முக்கியம், மூன்றாம் நாள்வரை காத்திருக்காதது. எங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இப்போது இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கின்றன: நோயாளியுடையது, அவர் நம்பும் ஒருவருடையது. வரவேண்டிய நாளில் அவர் வராவிட்டால், அன்று மாலையே இரண்டு எண்களுக்கும் அழைக்கிறோம்.