‘டிட் வென்ட்’ எங்கிருந்து வருகிறது: ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில வாக்கியப் பயிற்சி

கோடிட்ட இடத்தில் ‘கோஸ்’ என்று சரியாக நிரப்பும் ஏழாம் வகுப்புப் பிள்ளை, அடுத்த பக்கத்தில் வீட்டைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னால் ‘மை ஃபாதர் கோ டு வொர்க்’ என்று எழுதும். விதி மறந்துபோகவில்லை. எங்கே யோசிக்க வேண்டும் என்பதைக் கோடே காட்டிக்கொடுத்துவிடுகிறது; சொந்தமாக எழுதும்போது அந்தக் கோடு இல்லை. அதனால் பயிற்சி முழு வாக்கியத்தில்தான் நடக்க வேண்டும். தினம் 20 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதில் பிள்ளைக்குக் கொட்டாவிதான் மிச்சம்.

தேவையானவை: ஒரு நோட்டு, கத்தரிக்கோல், ஜெம் கிளிப், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள். அட்டையின் வெற்றுப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதலாம்.

முதல் நாள் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். ‘நேற்று என்ன செய்தாய்’ என்று பத்து வாக்கியம் எழுதச் சொல்லி, தாளை வாங்கி, தவறுகளை வகை பிரித்து எண்ணுங்கள். பெரும்பாலும் அவை தமிழின் அச்சில் வார்த்தவையாக இருக்கும். ‘அவர் டாக்டர்’ என்பதில் வினைச்சொல் இல்லை, அதனால் ‘ஹீ டாக்டர்’. ‘ரெண்டு புத்தகம்’ என்று ஒருமையில் சொல்வது நமக்கு இயல்பு, அதனால் ‘டூ புக்’. ‘எனக்கு விளக்கினார்’ என்பது ‘ஹீ எக்ஸ்ப்ளெய்ன்ட் மீ’ ஆகிறது. ‘மீ’க்கு முன்னால் ‘டு’ வேண்டும் என்பது தோன்றாது, ஏனென்றால் தமிழில் ‘கு’ சொல்லோடு ஒட்டியே வந்துவிடுகிறது. எந்த வகை அதிகமோ அதை மட்டும் அந்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். நான்காவது வாரம் வேண்டும்.

அநேகமாக எல்லாத் தாளிலும் இருப்பது ‘டிட் ஹீ வென்ட்’, ‘ஹீ டிட் நாட் வென்ட்’. இதைச் சரிசெய்யத்தான் அதிக நாள் ஆகும். காரணத்தைப் பாருங்கள். ‘போனான்’ என்பதைக் கேள்வியாக்க ‘ஆ’ சேர்த்தால் போதும்: ‘போனானா?’ இறந்தகாலம் வினைச்சொல்லிலேயே தங்கிவிடுகிறது. பிள்ளை ஆங்கிலத்திலும் ‘வென்ட்’டைத் தொடாமல், முன்னால் ஒரு ‘டிட்’டை ஒட்டவைத்துவிடுகிறது.

மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. ‘போனான்’ என்பதற்கு எதிர்மறை கேளுங்கள். ‘போகவில்லை’ என்று சொல்லும். ‘போனவில்லை’ என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. ‘இல்லை’ வந்ததும் ‘போன’ கழன்று வெறும் ‘போக’ நிற்கிறது. ‘டிட் நாட்’ வந்ததும் ‘வென்ட்’ கழன்று வெறும் ‘கோ’ நிற்பதும் அதே மாதிரிதான். எனவே கேள்வியில் ஆரம்பிக்காமல் எதிர்மறையில் ஆரம்பியுங்கள். பாடப்புத்தகங்கள் பல நேரம் இரண்டையும் ஒரே நாளில் சொல்லிவிடுகின்றன, அங்கேதான் குழப்பம்.

அட்டையில் காட்டுவது இப்படி. பத்து சென்டிமீட்டர் நீளத் துண்டு ஒன்றில் ‘வென்ட்’ என்று எழுதுங்கள். அதில் பாதி நீளமுள்ள இரண்டு துண்டுகளில் ‘டிட்’, ‘கோ’. இந்த இரண்டையும் ‘வென்ட்’ அட்டைக்குப் பின்னால் ஒளித்து ஜெம் கிளிப் மாட்டுங்கள். மேசையில் ‘ஹீ’, ‘வென்ட்’, ‘ஹோம்’ என்று வரிசையாக வையுங்கள். இப்போது ‘நாட்’ அட்டையைக் கையில் கொடுத்து நுழைக்கச் சொல்லுங்கள். நுழைக்க வேண்டுமானால் கிளிப்பைக் கழற்ற வேண்டும். ‘வென்ட்’ கீழே போய், ‘டிட்’டும் ‘கோ’வும் வெளியே வரும், நடுவில் ‘நாட்’ உட்காரும். கழற்றிய ‘வென்ட்’டைப் பிள்ளை தன் கையாலேயே டப்பாவில் போடட்டும். சொல்லிப் புரியாதது அந்த ஒரு அசைவில் புரியும்.

‘சா’, ‘கேம்’, ‘ஏட்’, ‘பாட்’ என்று எட்டு வினைச்சொற்களுக்கு இப்படிச் செய்தபின், மூன்றாம் நாள் கேள்விக்கு வாருங்கள்: வெளியே வந்த ‘டிட்’டை ‘ஹீ’க்கு முன்னால் நகர்த்தினால் முடிந்தது. ‘கோஸ்’ அட்டைக்குப் பின்னால் ‘டஸ்’, ‘கோ’. ‘இஸ்’, ‘வாஸ்’ அட்டைகளுக்குப் பின்னால் எதுவும் இல்லை. அவையே எழுந்து முன்னால் போகும். இதைத் தனியாக ஒரு நாள் காட்டாவிட்டால் ‘டஸ் ஹீ இஸ் கமிங்’ முளைத்துவிடும்.

‘கோஸ்’, ‘ட்ரிங்க்ஸ்’ ஆகியவற்றின் கடைசி ‘ஸ்’ விழுந்துபோகிறதா? நான்கு கட்ட அட்டவணை போடுங்கள். முதல் கட்டத்தில் ‘மை சிஸ்டர்’, ‘மை அங்கிள்’, ‘த டிரைவர்’, ‘ஷீ’. இரண்டாவதில் ‘ட்ரிங்க்ஸ்’, ‘மேக்ஸ்’, ‘வான்ட்ஸ்’. மூன்றாவதில் ‘டீ’, ‘காஃபி’, ‘லைம் ஜூஸ்’. நான்காவதில் ‘எவ்ரி மார்னிங்’, ‘ஆஃப்டர் லஞ்ச்’, ‘அட் நைட்’. ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்தால் 108 வாக்கியம் வரும். எதை எடுத்தாலும் இலக்கணம் சரியாக இருக்க வேண்டும் என்பதே அட்டவணையின் உயிர். முதல் கட்டத்தில் ‘மை பேரன்ட்ஸ்’ என்று ஒன்றை நுழைத்தால் போச்சு; பன்மைக்குத் தனி அட்டவணை போடுங்கள். எட்டு வாக்கியத்துக்கு மேல் வாய் மட்டும்தான் ஓடும், மனம் ஓடாது. எட்டோடு அட்டவணையை மூடிவிட்டு, வீட்டில் யார் என்ன குடிப்பார்கள் என்று மூன்று உண்மை வாக்கியம் கேளுங்கள். அங்கே ‘ஸ்’ விழாமல் நின்றால்தான் பயிற்சி பிடித்திருக்கிறது.

‘வாக்ட்’ என்பதை ‘வாக்’ என்று எழுதுவது பல நேரம் இலக்கணத் தவறே அல்ல, காதின் தவறு. வல்லின மெய்யில் முடிவது தமிழ்ச் சொல்லுக்குப் பழக்கமில்லை. நம் வாய் அதை விழுங்கும், அல்லது ‘வாக்டு’ என்று உகரம் சேர்க்கும். வாக்கியத்தைச் சொல்லி எழுதவைக்கும்போது அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கட்டும்: ‘ஹீ வாக்ட் இன்’. அப்போது அந்த ‘ட்’ தெளிவாகக் கேட்கும்.

‘எ’யா ‘ஆன்’ஆ என்பதற்கு அரை மணி நேரம் செலவழிக்க வேண்டாம். எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள் என்று சொல்லி, ‘ஆன் ஹவர்’, ‘எ யுனிவர்சிட்டி’, ‘ஆன் எம்.எல்.ஏ.’ மூன்றையும் வாய்விட்டுச் சொல்லவைத்தால் போதும். ‘த’ அப்படி அல்ல, எட்டாம் வகுப்பு முடிந்தும் இழுக்கும். ‘ஒரு பையன் வந்தான், அந்தப் பையன் அழுதான்’ என்ற தமிழை வைத்துப் பாதி தூரம் போகலாம். ‘த சன்’ போன்றவற்றைப் படித்துப் படித்துத்தான் பழக வேண்டும்.

எட்டாம் வகுப்புக்கு, இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கும் பயிற்சி. ‘த மேன் ஃபிக்ஸ்ட் மை சைக்கிள். ஹீ லிவ்ஸ் நியர் த டெம்பிள்.’ தமிழில் ‘கோயில் பக்கத்தில் இருக்கிறவர்’ என்று அடையாளம் முன்னால் வரும். ஆங்கிலத்தில் ஆளைச் சொல்லிவிட்டு அப்புறம்தான் அடையாளம்: ‘த மேன் ஹூ லிவ்ஸ் நியர் த டெம்பிள் ஃபிக்ஸ்ட் மை சைக்கிள்’. பிள்ளைகள் ‘ஹூ ஹீ லிவ்ஸ்’ என்று எழுதுவார்கள். ‘ஹீ’ அட்டையை எடுத்துவிட்டு அதே இடத்தில் ‘ஹூ’வை வையுங்கள், ஒரு நாற்காலியில் ஒருவர்தான் உட்கார முடியும். ‘ஆல்தோ’ போட்ட வாக்கியத்தில் ‘பட்’டும் சேர்ப்பதற்கும் இதே பதில்தான்: ‘மழை பெய்தாலும் ஆனால் போனேன்’ என்று தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், சிரித்துவிட்டுத் தானே அடித்துவிடும்.

திருத்தும்போது அந்த வாரத்துத் தவறை மட்டும் திருத்துங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை பட்டால், அடுத்த தடவை பிள்ளை தெரிந்த மூன்று வார்த்தைகளுக்குள் ஒளிந்துகொள்ளும். தவறான வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். இடத்தை அது தேடட்டும். இரண்டு நிமிடத்தில் கிடைக்காவிட்டால் சொல்லின் கீழ் கோடு போடலாம். விடையை நீங்கள் எழுத வேண்டாம். நோட்டில் ஒவ்வொரு தவறுக்கும் திருத்திய வாக்கியத்தையும், பக்கத்தில் ஒரு வரித் தமிழ்க் காரணத்தையும் எழுதட்டும். அதே வாக்கியத்தை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தமிழில் சொல்லி ஆங்கிலத்தில் கேளுங்கள்.

நான்காவது வாரக் கடைசியில் ‘நேற்று என்ன செய்தாய்’ என்று மறுபடியும் பத்து வாக்கியம். அதன் பிறகே முதல் நாள் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். குறையாத வகை எதுவோ, ஐந்தாவது வாரம் அது.