வரப்பு வெட்டுக்கிளியை முள்ளில் கட்டுவது எப்படி?

பிசான நெல் அறுப்பு நடக்கும் மாசி, பங்குனியில் தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்க் கரையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வயலில் ஆள் இறங்கியதும் வெட்டுக்கிளிகள் வரப்புக்குத் தாவும். சில தவறித் தண்ணீரில் விழும். வயிறு நீரில் படிந்திருக்க, பின்னங்கால் இரண்டையும் உதைத்துக்கொண்டே மிதந்து போகும். கொஞ்ச தூரம்தான். 'களக்' என்று ஒரு சத்தம், அப்புறம் வட்ட அலை மட்டும் மிஞ்சும்.

மீன் விழுங்கிய அந்தக் கிளியைப் போலவே ஒரு பொய் இரையைத்தான் தூண்டில் முள்ளில் கட்டப்போகிறோம். மண்புழு மாதிரி அடியில் கிடக்காமல் மேலேயே மிதக்கும் இந்தப் பொய் இரைக்கு டிரை ஃப்ளை என்று பெயர். நிஜக் கிளி ஒரு கடியில் முள்ளைவிட்டுப் போய்விடும். இது பல மீனுக்குத் தாங்கும்.

தேவையானவை: தண்டு நீளமான 10ஆம் நம்பர் தூண்டில் முள், 2 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் (மஞ்சள் அல்லது வெளிர்பச்சை, ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும்), பாலியெஸ்டர் தையல் நூல், வான்கோழி இறகு ஒன்று, மெல்லிய ரப்பர் பேண்ட், நெயில் பாலிஷ், முள்ளைப் பிடிக்க ஒரு சின்ன வைஸ். அமெரிக்காவில் டேவ் விட்லாக் உருவாக்கிய 'டேவ்ஸ் ஹாப்பர்' தலைக்கு மான் முடி வைப்பார்கள். நமக்கு அது வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஃபோமே நன்றாக மிதக்கும்.

முதலில் முள்ளை வைஸில் இறுக்கி, காதிலிருந்து (தூண்டில் நரம்பு நுழையும் துளை) வளைவு வரை நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். வெறும் தண்டில் ஃபோம் வழுக்கிச் சுழலும். கை எடுக்கும்போது நூல் தளராமல் இருக்க, துணி கிளிப் ஒன்றை அதில் தொங்கவிடுங்கள்.

ஃபோமை 5 மில்லிமீட்டர் அகலத்தில் பட்டையாக வெட்டி, ஒரு முனையைக் கூராக்குங்கள். அந்த முனை வளைவைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி தண்டின்மேல் வைத்துக் கட்டுங்கள். இங்கே அவசரம் ஆகாது. முதல் சுற்றிலேயே இறுக்கினால் நூல் ஃபோமை அறுத்துவிடும். இரண்டு சுற்று தளர்வாக, மூன்றாவதில் மெதுவாக இறுக்குங்கள். பட்டையைத் தூக்கி, நூலை 4 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தி, பட்டையைப் படியவைத்து மறுபடி கட்டுங்கள். இப்படி மூன்று கட்டு போட்டால் கிளியின் வயிற்று மடிப்புகள் தெரியும்.

தண்டில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் நில்லுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: காதுவரை உடம்பைக் கொண்டுபோய்விடுவார்கள். பிறகு தலைக்கு இடம் இருக்காது, காதும் அடைத்துக்கொள்ளும், நரம்பு நுழையாது. மிச்சமுள்ள ஒரு பங்கு தலைக்கு.

இப்போது பட்டையைக் காதுக்குச் சற்றுப் பின்னால்வரை இழுத்துக் கட்டி, நூலை அதன்மேலேயே சுற்றி, உடம்பு முடிந்த இடமான கழுத்துக்குக் கொண்டுவாருங்கள். நெயில் பாலிஷ் தடவி உலர்த்திய இறகுத் துண்டைக் கூரைபோல் முதுகில் படுக்கவைத்துக் கழுத்தில் கட்டுங்கள். முன்னே நீட்டியிருக்கும் ஃபோமைப் பின்னோக்கி மடித்து அதே இடத்தில் கட்டினால் தலை உருண்டு நிற்கும். மிச்சத்தை வெட்டிவிடுங்கள்.

கால்தான் உயிர். ரப்பர் பேண்டில் இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முடிச்சு போடுங்கள், அதுதான் முட்டி. பக்கத்துக்கு ஒன்றாகக் கழுத்தில் வைத்துக் கட்டி, இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று முன்னாலிருந்து பாருங்கள். நூலைத் தலைக்கு அடியில் முன்னே கொண்டுவந்து, விரலால் வளையம் போட்டுக் காதின் மேலாக மாட்டி, மூன்று முறை இறுக்குங்கள். முடிச்சில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ்.

காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். ஒருக்களித்துச் சாய்ந்தால் ஃபோம் தண்டின் நடுவில் இல்லை என்று அர்த்தம். விரலால் திருப்பிச் சரிசெய்யலாம்.

பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி தின்ன வரும் மீன்களிடம் இதைக் கொண்டுபோகாதீர்கள். அதற்கு மேலே புலிகள் காப்பகம், அங்கேயும் வேண்டாம். குளம் என்றால் குத்தகைதாரரிடம் கேளுங்கள்.

ஃப்ளை ராட் (இந்த இரையை வீசும் தூண்டில் கம்பு) இல்லையா? நீள மூங்கில் கம்பும் தங்கூஸ் நரம்பும் போதும். கரைப்புல்லை ஒட்டிப் 'பொத்'தென்று விழட்டும், நிஜக் கிளியும் அப்படித்தான் விழும். அலை அடங்கியதும் கம்பின் நுனியை லேசாக ஒருமுறை அசைத்துவிடுங்கள். கெண்டை கவ்வினால் உடனே தூக்குங்கள். விரால் என்றால் ஒரு மூச்சு பொறுங்கள், வாயை மூடிக்கொண்டு அது கீழே திரும்பட்டும்.