இளம் விஸ்கியைச் சுவைப்பது எப்படி? ஏற்காட்டில் ஒரு மாலை

கில்ஹோமன், ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் ஒரு பண்ணைக்குள் 2005-இல் தொடங்கப்பட்ட சிறிய வடிசாலை. ஓக் பீப்பாயில் 3 ஆண்டுகளாவது கிடந்தால்தான் ஸ்காட்ச் என்று விற்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். அதனால் அவர்களுடைய முதல் விஸ்கி 2009-இல்தான் கடைக்கு வந்தது. வயது குறைந்த விஸ்கியை மட்டமென்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பீப்பாயில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தால் மரத்தின் குணம் ஓங்கிவிடும். தானியத்தின் வாசனை துலங்குவது இளம் விஸ்கியில்தான்.

அவர்களுடைய மாக்கிர் பே விஸ்கியை ஏற்காட்டில் சுவைத்தோம். சேலத்து வெயிலில் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். மலைக்காற்றில் அந்த வேகம் தணிகிறது. இரவு மலையிலேயே தங்குபவர்கள் மட்டும் பாட்டிலைத் திறக்கவும். இறங்கும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

முதலில் கிளாஸ். அடி அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். 25 மில்லி ஊற்றினால் போதும். ஐஸ் வேண்டாம், வாசனையும் சேர்ந்து அடங்கிவிடும்.

அடுத்தது முகர்தல். அவசரமே கூடாத இடம் இது. கிளாஸை மோவாய்க்கு அருகே பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி மெல்ல முகருங்கள். முதலில் வருவது புகை, நனைந்த விறகு எரிவதைப்போல. சதுப்புநிலத்தில் வெட்டியெடுக்கும் பீட் என்ற மக்கிய மண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துகிறார்கள். புகை பழகும்வரை காத்திருங்கள். அதன் அடியில், முளைகட்டிய கேழ்வரகை வறுக்கும்போது வீடெல்லாம் பரவுமே, அந்த வாசனை இருக்கும். பார்லியும் முளைகட்டிய தானியம்தானே! பிறகு பேரிக்காய். எனக்கு அது எளிதில் பிடிபடவில்லை. சாலையோரத்தில் வாங்கிய ஏற்காட்டுப் பேரிக்காயை நறுக்கி வைத்து, துண்டையும் கிளாஸையும் மாற்றி மாற்றி முகர்ந்தேன். மூன்றாவது முறை இரண்டும் ஒன்றுபோல மணத்தன. நொதிக்கும்போது உருவாகும் எஸ்டர்கள் என்ற வேதிப்பொருள்கள் தரும் மணம் அது.

இப்போது ஒரு சிறு மடக்கு. நாக்கில் புரட்டி விழுங்குங்கள். எரியும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது மடக்கில்தான் இனிப்பும் மிளகுக் காரமும் தெரியும்.

பிறகு தேக்கரண்டியால் சில துளி தண்ணீர். இது 46 சதவீத ஆல்கஹால் உள்ள விஸ்கி, தாங்கும். புகை மணம் தரும் குவையகால் மூலக்கூறுகள் நீர் சேரும்போது மேற்பரப்பில் கூடுவதாக, 2017-இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் கண்டார்கள். மறுபடி முகர்ந்து பாருங்கள்.

குடித்து முடித்த கிளாஸை இரவே கழுவிவிடாதீர்கள். காலையில் எடுத்து முகர்ந்தபோது ஆல்கஹால் துளியும் இல்லை. அணைந்த அடுப்பின் சாம்பலும் வறுத்த தானியமும் மட்டும் மணத்தன.