கைமறதிக்கு ஒரு செய்முறை: அடுப்படியிலிருந்து வாசல் பூட்டு வரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரிசி களைந்து குக்கரில் போட்டு, தண்ணீர் அளந்து ஊற்றி, மூடி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தேன். இருபது நிமிடமாகியும் விசில் வரவில்லை. உஸ்ஸென்று ஆவி போகிற சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்காமலே கேஸ்கட் போய்விட்டது என்று முடிவுகட்டி, புதிது வாங்கிவர வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பிவிட்டேன். அவர் தெருமுனை தாண்டியிருப்பார், நைட்டி பாக்கெட்டில் ஏதோ கனமாக இடித்தது. குக்கர் வெயிட்.

"வல்லாரை சாப்பிடும்மா" என்றார் மாமியார். வல்லாரைத் துவையல் நன்றாகத்தான் இருக்கும், சாப்பிடுங்கள். ஆனால் என் பிரச்சினை அதனால் தீரவில்லை. ஏனென்றால் அது ஞாபகசக்திப் பிரச்சினையே இல்லை என்று பிறகு புரிந்தது.

இதற்குத் தமிழில் பொருத்தமான சொல் ஒன்று இருக்கிறது: கைமறதி. "கைமறதியா எங்கயோ வச்சுட்டேன்" என்கிறோமே, அதுதான். சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தபோது நீங்கள் போனில் தங்கையுடன் பேசிக்கொண்டிருந்தீர்கள். கை வைத்தது, மனம் தங்கை வீட்டில் இருந்தது. வைத்த இடம் மூளையில் பதியவே இல்லை. பதியாத ஒன்றை நெற்றியைத் தட்டித் தட்டி யோசித்தாலும் எடுக்க முடியாது. பெரிய ஆட்களும் இதற்குத் தப்புவதில்லை. செல்லோ (ஆள் உயரத்துக்கு நெருங்கிய பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) கலைஞர் யோ-யோ மா 1999 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு டாக்சியின் டிக்கியில் தன் செல்லோவை விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். 1733ஆம் ஆண்டு செய்த வாத்தியம், மதிப்பு சுமார் 25 லட்சம் டாலர். அன்றைக்கே கிடைத்துவிட்டது. தினமும் கட்டிப்பிடித்து வாசிக்கிற வாத்தியமே அப்படிப் போகும் என்றால், நம் வீட்டுச் சாவி எம்மாத்திரம்.

அதனால் இங்கே நினைவாற்றலைக் கூட்டும் வழி எதையும் நான் சொல்லப்போவதில்லை. மனம் எங்கேயோ போயிருக்கும்போதும் கை ஒழுங்காக வேலை செய்ய என்ன ஏற்பாடு செய்யலாம் என்பதுதான் விஷயம்.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், அன்றைக்கு எதை மறந்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். "மோட்டார் - தொட்டி வழிந்தது." "கண்ணாடி - தலைமேல்." இவ்வளவு போதும்.

என் கணக்கில் ஏழு நாளில் 19 வந்தது. எல்லாவற்றையும் பரப்பிவைத்துப் பார்த்தால் நாலே வகைதான். எங்கே வைத்தேன், எதற்கு இங்கே வந்தேன், ஆரம்பித்துவிட்டு விட்டுவிட்டேன், செய்தேனா இல்லையா. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பொதுவாக "இனிமேல் கவனமா இருக்கணும்" என்று சபதம் எடுத்தால் இரண்டு நாள் தாங்கும்.

படி 2: பொருள் விழுகிற இடத்தில் இடம் ஒதுக்குங்கள்

சாவிக்கு ஒரு ஆணி அடிக்க வேண்டும், சரி. எங்கே அடிப்பது? அழகாக இருக்கும் இடத்தில் அடித்தால் அது காலண்டர் மாட்டத்தான் உதவும். வெளியிலிருந்து வந்ததும் உங்கள் கை சாவியை எங்கே போடுகிறது என்று மூன்று நாள் பாருங்கள். எங்கள் வீட்டில் செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டு. ஆணியை அதற்கு நேர் மேலே அடித்தோம். பிரச்சினை முடிந்தது.

இன்னொன்று. தேடிக் கண்டுபிடித்த பொருளைக் கண்டெடுத்த இடத்திலேயே திரும்ப வைக்காதீர்கள். முதலில் எங்கே போய்த் தேடினீர்களோ, அங்கே வையுங்கள். அடுத்த முறையும் கால் அங்கேதான் போகும்.

"பத்திரமாக" வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் இதுவரை தொலைந்தவற்றில் பாதிக்கு மேல் பத்திரமாக வைத்தவைதான். ரேஷன் கார்டு, நகைக்கடன் ரசீது, கொலுப்பெட்டிச் சாவி. அன்றைக்கு மட்டும் புத்திசாலித்தனமாக ஒரு இடத்தை யோசித்து வைக்கிறோம். அடுத்த வருடம் அந்தப் புத்திசாலித்தனம் திரும்ப வருவதில்லை. காகிதம் எதுவானாலும் ஒரே தகரப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பெட்டி வேண்டவே வேண்டாம்.

படி 3: நிலைப்படியைத் தாண்டும்முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்

சட்டையில் பிய்ந்த பட்டனைத் தைக்கக் கத்தரிக்கோல் எடுக்க உள்ளறைக்குப் போகிறோம். போய் நின்றதும் மனம் வெறிச்சென்று ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தின் கேப்ரியல் ராட்வான்ஸ்கியும் அவர் குழுவும் 2011இல் இதை ஆய்வு செய்தார்கள். ஒரே அறைக்குள் நடப்பதைவிட, அதே தூரத்தை ஒரு கதவைத் தாண்டி நடந்தால் கையில் கொண்டுபோவது என்ன என்பதே அதிகம் மறக்கிறது என்று தெரிந்தது. ஓர் அறையோடு ஓர் அத்தியாயம் முடிந்ததாக மூளை எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். கதவு மட்டும் காரணமில்லை, மனத்தில் ஏற்கெனவே வேறு வேலை ஓடிக்கொண்டிருந்தால்தான் மறக்கிறது என்று 2021இல் ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். நம் வீட்டில் எப்போது மனம் சும்மா இருந்திருக்கிறது?

பழைய அறைக்குத் திரும்பிப் போனால் நினைவு வந்துவிடும் என்பார்கள். 2011 ஆய்விலேயே அதையும் சோதித்தார்கள், பலன் தெரியவில்லை. எனக்குச் சில நேரம் வருகிறது. பட்டன் பிய்ந்த சட்டை அங்கே கண்ணில் படுவதால் வருகிறது என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது: எழும்போதே "கத்தரிக்கோல், கத்தரிக்கோல்" என்று முணுமுணுத்துக்கொண்டே போங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. தேடும் பொருளின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் பழக்கமான பொருள் சீக்கிரம் கண்ணில் படுகிறது என்று லூப்யான், ஸ்விங்லி என்ற இருவர் 2012இல் காட்டியிருக்கிறார்கள். "யார்கூடப் பேசுற?" என்று வீட்டில் கேட்பார்கள். பழகிவிடும்.

வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், வேலையின் ஒரு துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். தண்ணீர் எடுக்கப் போனால் காலி டம்ளர். பட்டன் தைக்க என்றால் அந்தப் பட்டன்.

படி 4: அடுப்பும் மோட்டாரும்

இந்தப் படியை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். சாவி தொலைந்தால் எரிச்சல்தான். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டால் விஷயம் வேறு. தீ அணைந்ததும் கேஸ் தானாக நிற்கும் வசதி நம் வீட்டு அடுப்புகள் பலவற்றில் கிடையாது. கேஸ் வந்துகொண்டே இருக்கும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும். அதற்கென்று இயற்கையில் வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டான் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். வாடை வந்தால் ஃபேன், லைட் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906க்கு போன் செய்யுங்கள்.

இப்போது ஏற்பாடு. நான் கண்டதில் மிகச் சிறந்தது, ஒரு கரண்டி. அடுப்பில் ஏதாவது இருக்கும்போது சமையலறையைவிட்டு வெளியே வர நேர்ந்தால் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். அழைப்புமணி அடிக்கிறது, வாசலில் கொரியர்காரர், கையெழுத்துப் போட வேண்டும், கையில் கரண்டி இருக்கிறது. "ஐயோ, பால்!" என்று தானாக வரும். கொரியர்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ஒரே நிபந்தனை, கரண்டியை வழியில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் கரண்டியும் போச்சு, பாலும் போச்சு.

பாலுக்கு இன்னொரு வழி, இரட்டைச் சுவர் வைத்த பால் குக்கர். இரண்டு சுவருக்கும் நடுவில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அது கொதித்து விசில் அடிக்கும், பால் பொங்காது. தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது என்பது தனிக்கதை.

மோட்டாருக்கு அலாரம்தான். ஆனால் பெரும்பாலோர் அலாரம் வைப்பதில் தப்பு செய்கிறார்கள். முதலில், தொட்டி காலியாக இருக்கும் ஒரு நாளில் மோட்டாரைப் போட்டு, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 24 நிமிடம். அதில் இரண்டு நிமிடம் குறைத்து அலாரம் வையுங்கள். பாதித் தண்ணீர் ஏற்கெனவே இருந்தால் பாதி நேரம். அந்த எண்ணை மோட்டார் சுவிட்சின் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிடுங்கள்.

அலாரம் அடித்ததும் அணைத்துவிட்டு "இதோ போறேன்" என்று சொல்கிற அந்த நொடியில்தான் தொட்டி வழிகிறது. அதனால் போனைச் சுவிட்ச் பக்கத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். சத்தத்தை நிறுத்தவாவது நடந்து போகத்தானே வேண்டும்? போனை விட்டுப் பிரிய முடியாதவர்கள் சாவி முறுக்கும் சமையல் டைமர் ஒன்று வாங்கி அங்கே வைக்கலாம். கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால், தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் மிதவை சுவிட்ச் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். நாங்கள் இன்னும் வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்பதை மறந்துகொண்டே இருக்கிறோம்.

படி 5: பூட்டினேனா?

பேருந்து நிறுத்தம்வரை வந்த பிறகு வருகிற சந்தேகம் இது. பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கிறவர்கள்கூடத் தெருமுனையில் திரும்பி நிற்பார்கள். தினமும் ஒரே மாதிரி பூட்டுவதால் நேற்றுப் பூட்டியதும் இன்று பூட்டியதும் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

ஜப்பான் ரயில்களில் ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, அது என்ன நிறம் என்று வாய்விட்டுச் சொல்வார்கள். அங்குள்ள ரயில்வே ஆய்வு நிறுவனம் 1994இல் சோதித்தபோது, எளிய வேலை ஒன்றில் இப்படிச் சுட்டிச் சொன்னால் தவறுகள் ஏறக்குறைய 85 சதவீதம் குறைந்தன. நம் ரயில் எஞ்சின்களிலும் ஓட்டுநரும் உதவியாளரும் சிக்னலை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது வழக்கம்.

வீட்டுக்கு இதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். பூட்டைத் தொட்டு, கிழமையைச் சேர்த்துச் சொல்கிறேன்: "செவ்வாய், பூட்டியாச்சு." கிழமை சேர்ந்தால் நேற்றையதோடு குழம்பாது. கேஸ் ரெகுலேட்டருக்கும் இரவில் இதே முறை. ஆனால் ஒன்று. சொல்லியும் தொட்டும் பார்த்த பிறகும் பத்து முறை திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது என்றால் அது கைமறதி இல்லை, மனநல மருத்துவரிடம் பேசலாம்.

மாத்திரைக்குச் சொல்லிக்கொள்வது போதாது. சர்க்கரை மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொள்வது ஆபத்து. கிழமை எழுதிய ஏழு அறை டப்பா வாங்குங்கள். இல்லையென்றால் அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராகக் கிழமையை எழுதிவிடுங்கள். அறை காலியா இல்லையா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 6: பிறகு செய்ய வேண்டியவை

பாட்டிமார் முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மாலையில் முடிச்சைப் பார்த்து "எதுக்குப் போட்டேன்?" என்று என் பாட்டி எல்லாரையும் கேட்டதுண்டு. முடிச்சு ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்லும், என்ன என்று சொல்லாது.

அதனால் பொருளையே முடிச்சாக்குங்கள். கரண்ட் பில் கட்ட வேண்டுமா, அட்டையைச் செருப்புக்குள் செருகிவையுங்கள். அம்மா வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய டப்பாவை வாசல் தாழ்ப்பாளில் பையோடு மாட்டுங்கள். ஃப்ரிட்ஜில் உள்ள தயிரைக் கொண்டுபோக வேண்டும் என்றால் வண்டிச்சாவியைத் தயிர்ப் பாத்திரத்தின் மேல் வையுங்கள்.

பொருள் இல்லாத வேலை என்றால், நடந்தே தீரும் ஒன்றோடு கட்டுங்கள். "நாளைக்கு ஊருக்கு போன் பண்ணணும்" என்பது காற்றில் போகும். "காலையில் காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் ஊருக்கு போன்" என்றால் டம்ளர் ஞாபகப்படுத்தும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது?

சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் போவது எல்லாருக்கும் உண்டு. சாவி எதற்கு என்றே குழம்புவது, பழகிய தெருவில் வழி தவறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, இதெல்லாம் வேறு. தூக்கமின்மை, தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகள் எல்லாம் மறதியைக் கூட்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ஆறு படியையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் வாரம் காலண்டர் தாள் மட்டும். அடுத்த வாரம் கரண்டியும் மோட்டாரும், ஏனென்றால் அவைதான் ஆபத்து. சாவி ஆணி அதற்கப்புறம். நான் இரண்டாவது மாதம் மறுபடி எழுதிப் பார்த்தபோது 19 என்பது 6 ஆகியிருந்தது. அந்த ஆறில் நாலு, மூக்குக்கண்ணாடி. அதற்கு ஆணியும் அடித்துப் பார்த்தேன், டப்பாவும் வைத்துப் பார்த்தேன். இப்போது கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். என் மகளுக்கு அந்தக் கயிறு பிடிக்கவில்லை.