ஓராண்டு வாசிப்பைத் திரும்பிப் பார்க்கும் முறை

ஆண்டு முடியும்போது வாசித்த நூல்களையெல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது எளிது. ஆனால் மிகுபுனைவு நாவல், அறிவியல், வரலாறு என மூன்று பக்கமும் கால் வைப்பவருக்கு அந்த முறை உதவாது. டிராகன்கள் உலவும் நாவலையும் மரபணுவை விளக்கும் நூலையும் ஒரே தராசில் நிறுத்தால், கிடைக்கும் எண் இரண்டைப் பற்றியும் எதையும் சொல்லாது. ஒவ்வொரு வகையிடமும் அதற்கே உரிய கேள்வியைக் கேட்க வேண்டும். அதற்கு இரண்டு மாலைப்பொழுதுகளை ஒதுக்கினால் போதும்.

முதல் மாலையில் குறிப்பேட்டையும் அலமாரியையும் பார்க்காமல், அந்த ஆண்டு வாசித்த நூல்களின் பெயர்களை நினைவிலிருந்தே எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, மனத்தில் நிற்கும் ஒரு காட்சியையோ ஒரு கருத்தையோ ஒரே வரியில் குறியுங்கள். அதன் பிறகு உண்மையான பட்டியலை எடுத்து ஒப்பிடுங்கள். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்துக்கொண்டு, கற்றவற்றில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே விரைவாக மறந்துவிடுகிறது என்றும், அதன் பின் மறதியின் வேகம் குறைகிறது என்றும் 1885-இல் எழுதினார். ஆகவே விடுபட்டுப்போன நூல்களை மட்டமானவை என்று எண்ண வேண்டாம். ஜனவரியில் வாசித்தும் டிசம்பரில் தானாக நினைவுக்கு வந்த நூல்களுக்கு மட்டும் அடிக்கோடு இடுங்கள். அவை உங்களுக்குள் வேர் பிடித்தவை.

மிகுபுனைவு நாவலிடம் கேட்க வேண்டியது, அந்த உலகம் தன் விதிக்குத் தானே கட்டுப்பட்டதா என்பதுதான். மந்திரத்துக்கு அங்கே என்ன விலை, யாரால் அதைச் செய்ய முடியாது, செய்தவர் எதை இழக்கிறார் என்று நான்கைந்து வரிகளில் எழுதிப் பாருங்கள். பிறகு கதையின் கடைசி நெருக்கடி அந்த வரிகளுக்குள்ளேயே தீர்ந்ததா, அல்லது ஆசிரியர் அந்த நேரத்துக்கென்று புதிய சக்தி ஒன்றை வரவழைத்தாரா என்று பாருங்கள். விதிகளை உங்களால் எழுதவே முடியாவிட்டால் அதுவும் ஒரு விடைதான். தொடர் நாவலின் பாகங்களை ஒரே நூலாக எண்ணிக்கொள்ளலாம்.

அறிவியல் நூலுக்குத்தான் கூடுதல் நேரம் தேவைப்படும், ஏனெனில் புரிந்தது என்ற நிறைவும் உண்மையில் புரிந்துகொள்வதும் இங்கே எளிதில் ஒன்றாகத் தோன்றிவிடும். நூலின் மையக் கருத்தை, அதை அறியாத ஒருவருக்குச் சொல்வதுபோல், ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 2015 செப்டம்பர் 14 அன்று, இடவெளியையே நீட்டிச் சுருக்கும் ஈர்ப்பலைகள் முதன்முதலாகப் பதிவானதைப் பற்றி வாசித்திருந்த நான், அதை எழுதத் தொடங்கினேன். ஒரு லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த, தலா 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு குழாய்களில் அனுப்பி, திரும்பி வருபவற்றை ஒன்றுசேர்க்கிறார்கள்; அலை கடக்கும்போது குழாய்களின் நீளம் புரோட்டானின் விட்டத்தில் மிகச் சிறிய பங்கு அளவுக்கே மாறுகிறது என்பது வரை பேனா தடையின்றி ஓடியது. அடுத்த வரியில் நின்றுவிட்டேன். இடவெளியே நீள்கிறது என்றால், அதனுள் செல்லும் ஒளியும் சேர்ந்து நீளாதா, பிறகு எதைக்கொண்டு அளக்கிறார்கள்? நூலில் இதற்கு விடை இருந்ததா என்பதுகூட எனக்கு நினைவில்லை. அந்த அத்தியாயத்தை மறுபடி வாசித்தேன். அப்படி நின்றுபோகும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே இந்தப் பயிற்சி.

கூடவே பதிப்பாண்டையும் பாருங்கள். மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் உள்ளன என்றே பாடநூல்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்தன. 46 என்று 1956-இல்தான் நிறுவப்பட்டது. பழைய நூலைத் தள்ளிவிட வேண்டியதில்லை, எந்தக் கூற்று இன்றும் நிற்கிறது என்று பக்க ஓரத்தில் குறித்துவைத்தால் போதும்.

வரலாற்று நூலைப் பின்பக்கத்திலிருந்து மதிப்பிடுவது என் வழக்கம். அடிக்குறிப்புகளையும் சான்றுப் பட்டியலையும் எடுத்து, அவை யாருடைய ஆவணங்கள் என்று எண்ணுங்கள். ஒரு கோட்டை முற்றுகையைப் பற்றி இந்த ஆண்டு நான் வாசித்த நூல், உள்ளே சிக்கியவர்களின் பசியை மிக உருக்கமாக விவரித்தது. ஆனால் அதன் சான்றுகள் அநேகமாக முழுவதும் வெளியே நின்ற படையினருடைய கடிதங்கள். அந்த உருக்கத்தில் எவ்வளவு ஆசிரியரின் ஊகம் என்பதை அப்போதுதான் கேட்கத் தோன்றியது. காலமும் இங்கே முக்கியம்: தொல்லியலாளர் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தின் கண்டுபிடிப்பை 1924-இல் அறிவித்தார், ஆகவே அதற்கு முன் எழுதப்பட்ட இந்திய வரலாறு எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் அந்த நாகரிகத்தை அறியாது.

இரண்டாம் மாலையில் மூன்று வகைகளையும் ஒரே பெரிய தாளில் எழுதி, ஒன்றையொன்று தொடும் நூல்களுக்கு இடையே கோடு இழுங்கள். எடுத்துக்காட்டாக, 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் துகள்கள் வான்மேல் பரவியதால் 1816-இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடைக்காலம் இல்லாமல் போய், பயிர்கள் பொய்த்தன. அந்தக் குளிரிலும் மழையிலும் ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் அடைந்துகிடந்த ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லி எழுதத் தொடங்கிய கதையே 1818-இல் வெளிவந்த பிராங்கென்ஸ்டைன் நாவல். எரிமலையியல், பஞ்சத்தின் வரலாறு, புனைகதை மூன்றும் அங்கே ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஓராண்டில் இப்படி இரண்டு கோடுகள் கிடைத்தாலும் மகிழ்ச்சிக்கு உரியதே. எந்தக் கோடும் தொடாத நூலை வலிந்து எதனுடனும் இணைக்க வேண்டாம்.

கடைசியாக, விடை கிடைக்காமல் நின்ற கேள்விகளை மட்டும் புதிய குறிப்பேட்டின் முதல் பக்கத்துக்கு மாற்றி எழுதி, அடுத்த ஆண்டின் முதல் நூலை அவற்றிலிருந்து தேர்ந்தெடுங்கள். என் பக்கத்தில் இப்போது இரண்டு இருக்கின்றன: நீளும் இடவெளியில் ஒளிக்கு என்ன நேர்கிறது, கோட்டைக்குள் இருந்தவர்களில் யாரேனும் எதையாவது எழுதிவைத்தார்களா.