கோடு தட்டையானால் குவாண்டம்தானா? மீக்கடத்தி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்லிய மீக்கடத்திப் படலம் (போதிய குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளாலானது) ஒன்றைக் குளிர்விக்கிறோம். வெப்பநிலை இறங்க இறங்க மின்தடையும் சரிகிறது. சில நூறு மில்லிகெல்வினில் அந்தச் சரிவு நின்று, வரைபடக் கோடு படுத்துவிடுகிறது; சுழியைத் தொடவே இல்லை. குவாண்டம் ஏற்ற இறக்கம், அதாவது கடுங்குளிரிலும் ஓயாமல் மீக்கடத்தலைக் குலைக்கும் அசைவு, அகப்பட்டுவிட்டது என்று எழுதிவிடக் கை பரபரக்கும். தயவுசெய்து பொறுங்கள். இத்துறையில் மிக அதிகமாக ஏமாற்றும் கோடு இதுதான்.

வெப்பமானி காட்டுவது குளிர்கலத்தின் வெப்பநிலை, படலத்திலுள்ள எலக்ட்ரான்களுடையது அல்ல. இவ்வளவு குளிரில் எலக்ட்ரான்கள் தம் சூட்டைப் படிகத்திடம் இறக்கிவைக்க வெகுவாகத் திணறும். போதாக்குறைக்கு, அறையிலிருந்து உள்ளே இறங்கும் கம்பிகள் ரேடியோ அலைகளையும் கூட்டி வருகின்றன. அந்தத் துளி ஆற்றலே எலக்ட்ரான்களைச் சூடேற்றப் போதும். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இண்டியம் ஆக்சைடு படலத்துக்குச் செல்லும் கம்பிகளில் நல்ல வடிகட்டிகளைப் பொருத்தியதும் தட்டைக் கோடு மறைந்து, மின்தடை மீண்டும் சரிந்தது. ஆகவே வடிகட்டியோடும் அளந்து பாருங்கள், மின்னோட்டத்தைப் பாதியாக்கியும் அளந்து பாருங்கள். மின்தடை மாறினால் முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள்.

மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலைக்குச் சற்று மேலே கடத்துதிறன் கூடுவதைக் குவாண்டம் கணக்கில் எழுதுவதும் தவறு. அது பெரும்பாலும் வெப்ப ஏற்ற இறக்கம். அஸ்லமாசோவ், லார்கின் என்ற இயற்பியலாளர்கள் 1968இலேயே அதைக் கணக்கிட்டுவிட்டார்கள். குவாண்டம் மாற்றத்தை (வெப்பத்தால் அல்லாமல் குவாண்டம் ஏற்ற இறக்கத்தால் மீக்கடத்தல் தோன்றும் அல்லது அழியும் எல்லையை) நெருங்க, வெப்பநிலையைத் தாழ்வாக வைத்துக்கொண்டு காந்தப்புலத்தையோ தடிமனையோ எலக்ட்ரான் அடர்த்தியையோ மாற்ற வேண்டும். 1989இல் பிஸ்மத் படலத்தின் தடிமனைச் சிறுகச் சிறுகக் கூட்டியபோது, சதுர மின்தடை (படலத்தின் ஒரு சதுரத் துண்டின் மின்தடை) 6.45 கிலோஓம் அருகே மின்காப்பு நிலை மீக்கடத்தலாக மாறியது. அந்த எண்ணை எல்லாப் பொருளுக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். எல்லை பொருளுக்குப் பொருள் வேறுபடுகிறது.

மின்தடையை மட்டும் நம்பாதிருப்பது நல்லது. வெப்பநிலைச் சரிவுக்கும் (படலத்தின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருப்பது) காந்தப்புலத்துக்கும் குறுக்கே எழும் நெர்ன்ஸ்ட் மின்னழுத்தம், படலத்தில் நகரும் காந்தச் சுழல்களை (காந்தப்புலம் மீக்கடத்தியைத் துளைக்கும் இடங்களில் சுழலும் நுண்ணிய மின்னோட்டங்களை) நேராகக் காட்டிக்கொடுக்கும். ஒற்றையடுக்கு டங்ஸ்டன் டைடெல்லுரைடில் எலக்ட்ரான் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே போனபோது, மீக்கடத்தல் மறையும் மாறுநிலை அடர்த்திக்குக் கீழே இந்தச் சமிக்ஞை திடீரென அற்றுப்போனதாக 2024இல் அறிவித்தார்கள். படிப்படியாகத் தேயும் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பார்கள்! ஆனால் இது மிக நுண்ணிய மின்னழுத்தம். புலத்தின் திசையைத் திருப்பினால் குறியும் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாத பகுதியைக் கழித்துவிடுங்கள். சாதாரண எலக்ட்ரான்களும் சிறிதளவு நெர்ன்ஸ்ட் மின்னழுத்தம் தரும். மாற்றத்திலிருந்து வெகுதொலைவில் அதைத் தனியே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.